மூடி பார்க்கிறவள்

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டிய சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். அந்தக் கோடை முழுக்க அந்தச் சுவர் வழியாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. 'டிங்' என்று ஒன்று. உடனே ஒரு பெண் குரல், "எனக்கு." மறுபடி 'டிங்'. இன்னொரு பெண் குரல், "எனக்கு."

சீட்டாடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சீட்டாடுகிற வீடு விளங்கின மாதிரிதான் என்று என் பாட்டுக்குத் திட்டிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆட்டம் இல்லை, பிழைப்பு.

பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஊர்த் தண்ணீர் ஆபீசில் வேலை. தண்ணிக்காரன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முன்பு ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஆள் இருந்தான். அந்தக் காலத்தை நினைத்து நான் உருகப் போவதில்லை. அவர்களில் பாதிப் பேர் தொட்டி நிழலில் குறட்டை விடுவார்கள். தண்ணீர் வழிந்து தெரு சேறாகும். பிறகு ஆளை எடுத்துவிட்டுத் தொட்டிக்குத் தொட்டி கருவி வைத்தார்கள். தண்ணீர் குறைந்தால் சொல்லும். நிறைந்தால் சொல்லும். மோட்டார் சூடானால் சொல்லும். தொட்டியின் மேல்மூடி திறந்தால் அதையும் சொல்லும். எல்லாம் ஒரே ஒருத்தன் கையில் இருக்கிற போனுக்கு வரும். வந்ததும் 'பார்த்தேன்' என்று ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அது சிவப்பாகி நேராக எஞ்சினியரிடம் போய் நிற்கும். வால்வைத் திறப்பது, மூடுவது எல்லாமும் அந்தப் போனிலேயே.

ஊரின் வடக்குப் பாதி முழுவதும் இவன் தலையில் விழுந்தது. கருவிக்கு வாய் ஓயாது. காக்கை வந்து உட்கார்ந்தாலும் மூடி திறந்தது என்று சொல்லும். காற்றில் தகரம் ஆடினாலும் சொல்லும். இவனோ இரண்டு கண்ணும் ஒரு தலையுமாகப் பிறந்தவன். குளிக்கப் போனான், சிவப்பு. சாப்பிட உட்கார்ந்தான், சிவப்பு. ஆபீசில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அதற்கப்புறம் அவன் குளிக்கும்போது பெண்டாட்டி போனைப் பிடித்தாள். அவன் தூங்கும்போதும் பிடித்தாள். அவனுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், சின்னவள் என்போம், வேலை தேடிக்கொண்டிருந்தவள். அவள் தேடின வேலை கிடைக்கும் முன்னால் இந்த வேலை அவளைத் தேடி வந்தது, சம்பளம் இல்லாமல். ஒரே கணக்கை இன்னும் இரண்டு போனிலும் திறந்துகொண்டார்கள். பிரித்தும் கொண்டார்கள்: தண்ணீர் அளவு சின்னவளுக்கு, மூடி பெண்டாட்டிக்கு, மோட்டாரும் மற்றதும் அவனுக்கு. இரண்டு பேர் ஒன்றையே அழுத்திக் குழப்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்த "எனக்கு".

ஒரு தடவை என் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொண்டுபோனேன். அவன் பெண்டாட்டி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். போன், மெஷினின் தலைமாட்டில் நூல்கண்டோடு நூல்கண்டாக நின்றிருந்தது. வெட்டின துணியை மடியில் போட்டுக்கொண்டு, யாரோ அடித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"ரெண்டு கையும் இடது கையா வெட்டிட்டேன் பெரியப்பா."

"ரெண்டு இடது கை உள்ளவ எவளாவது வராமலா போவா, வச்சுக்க."

அவள் சிரிக்கவில்லை. 'டிங்' என்றது. நூல் கோத்துக்கொண்டிருந்த விரலைப் பார்க்காமலே நீட்டி, "எனக்கு" என்று அழுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்து, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"பொத்தான்."

"இப்பத்தானே அழுத்தினேன்."

"அது இல்லம்மா. சட்டைப் பொத்தான்."

சின்னவள் உள்ளேயிருந்து, "அண்ணிக்கு இப்ப எல்லாமே அந்தப் பொத்தான்தான். நேத்து குக்கர் விசில் அடிச்சதுக்கு எனக்குன்னு கத்தினாங்க" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம். தூக்கத்துல என் தோளைப் பிடிச்சு அமுக்குறியே, அது என்னடி?"

இரண்டு பேரும் சண்டை போடுகிறார்களா, விளையாடுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் என்ன? வடக்குப் பாதியில் ஒரு சிவப்பும் இல்லாமல் போயிற்று. ஊரிலேயே இவன் ஒருத்தன்தான் எல்லாவற்றையும் உடனுக்குடன் பார்க்கிறான் என்று ஆபீசில் பெயர். கூட்டம் போட்டு எல்லார் முன்னாலும் கோப்பை கொடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. எந்த ஆபீசும் ஒருத்தனைத் தட்டிக்கொடுக்கிறது என்றால் அவன் முதுகில் இன்னொரு மூட்டைக்கு இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது என்று அர்த்தம். நான் முப்பது வருஷம் லாரி ஓட்டினவன். எனக்குத் தெரியாததா.

கோப்பை வாங்கப் போகிற அன்று காலையிலேயே வெயில் கூரைத் தகரத்தைப் பிய்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணிக்காரன் குளித்துக்கொண்டே கத்தினான்.

"இந்தா, கீழ்த்தெரு தொட்டியில இன்னிக்கு ஒட்டகம் இறங்குறான். கழுவுறான். வால்வைத் திறந்துடாதீங்க."

"சரி" என்றாள் பெண்டாட்டி. அதற்குள் மூன்று 'டிங்'.

ஒட்டகம் என்பது தொட்டி கழுவுகிற ஆள். கதவு நிலைக்குக் குனிந்தே பழகி முதுகில் ஒரு வளைவு வந்துவிட்டவன். தண்ணிக்காரனோடு வேலைக்குச் சேர்ந்தவன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். படியில் சளக் சளக் என்று சத்தம். ஒட்டகம் ஏறி வந்தான். தலையிலிருந்து கால்வரை ஈரம். முழங்காலில் தோல் வழன்று ரத்தம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க பெரியவரே அவன்?"

"கோப்பை வாங்கப் போயிருக்கான்."

"கோப்பையா. நான் ஒரு தொட்டியையே குடிச்சிட்டு வரேன்."

சத்தம் கேட்டுப் பெண்டாட்டி வெளியே வந்தாள். கையில் போன். ஒட்டகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பற்கள் தந்தியடித்தன, அந்த வெயிலில்.

"தங்கச்சி, உன் புருஷன் என்னைக் கொல்லப் பாத்தான்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"உள்ள நின்னு பாசி தேச்சுக்கிட்டிருக்கேன். மேல குழாய் திறந்துக்கிச்சு. ஆளைத் தள்ளுற தண்ணி அது. வழுக்கி விழுந்தேன். ஏணி எந்தப் பக்கம்னு தெரியல. இருட்டு. கத்தினா என் குரலே நாலு பக்கமும் திரும்பி வருது, ஏதோ நாலு பேர் என்னோட சேந்து சாகுற மாதிரி. கழுத்துக்கு வந்தப்புறம்தான் ஏணி கையில தட்டுப்பட்டுச்சு. ஒட்டகம் ஒட்டகம்னு கேலி பண்றீங்களே, இந்த உயரம் இல்லேன்னா இன்னிக்கு நான் மிதந்துதான் வந்திருப்பேன்."

"மேல ஆள் நிக்கலையா?" என்று கேட்டேன்.

"எந்த ஆள்? மூடி திறந்தா தானா போனுக்குச் சொல்லிடும், ஆள் எதுக்குன்னு எடுத்து வருஷமாச்சு. சொல்லத்தான் செஞ்சிருக்கும். இவன் பாத்தேன்னு அழுத்தியும் இருப்பான். பாத்துட்டே திறந்திருக்கான்."

நான் உள்ளே போய் ஒரு லுங்கியும் துண்டும் எடுத்து வந்து கொடுத்தேன். லுங்கி அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எட்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது பெண்டாட்டி சுவரோடு சாய்ந்து நின்றாள். சின்னவளும் வந்திருந்தாள்.

"கீழ்த்தெரு தொட்டியா?" என்றாள் சின்னவள். "அளவு ரொம்பக் கம்மின்னு வந்துச்சு. நான்தான் திறந்தேன்."

"மூடி திறந்திருக்குன்னு வந்துச்சு" என்றாள் பெண்டாட்டி. "பாத்தேன்னு அழுத்தினேன். காக்கான்னு நெனச்சேன்."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல, தண்ணி கம்மின்னு?"

"நாள் பூரா வருது. ஒவ்வொண்ணையும் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

"அதேதான் எனக்கும்."

மூடி திறந்திருக்கிறது, தண்ணீரும் இல்லை என்றால் உள்ளே ஆள் நிற்கிறான் என்று மாடு மேய்க்கிறவனும் சொல்லிவிடுவான். ஆனால் மூடி ஒருத்தி தலைக்குள்ளும் தண்ணீர் இன்னொருத்தி தலைக்குள்ளும் போய்விட்டது. இரண்டும் சந்திக்கவே இல்லை. ஒரே தலையில் இடம் போதாமல்தான் பிரித்தார்கள்.

ஒட்டகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபத்தில் வந்தவனுக்கு அடிக்க ஆள் இல்லாமல் போன முகம்.

"அப்ப இவ்வளவு நாளா போன் பாத்தது நீங்களா?"

'டிங்' என்றது. பெண்டாட்டியின் கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போய் அழுத்திவிட்டது.

"பாருங்க பெரியவரே" என்றான் ஒட்டகம். "செத்துப் பொழைச்சவன் முன்னாடி நிக்கிறேன், அமுக்குறா பாருங்க. தங்கச்சி, இப்ப வந்தது என்ன?"

அவள் போனைப் பார்த்தாள். வந்த செய்தி போய்விட்டிருந்தது.

"தெரியலண்ணே" என்றாள்.

சின்னவள் டீ போட்டாள். ஒட்டகம் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணிக்காரன் படியேறி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பளபளவென்று கோப்பை, ஒரு டப்பாவில் கேக். என் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒட்டகத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னடா, எனக்கு முன்னாடி நீ வந்துட்ட. பாவாடை நல்லா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள்தான் நடந்ததைச் சொன்னாள். அவன் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து, இன்னொரு கையால் தன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்றான். "ஆபீசுக்கு ஒண்ணும் தெரியாது."

அதுதான் உண்மை. வந்தது, பார்த்தாயிற்று, திறந்தாயிற்று. ஆபீஸ் கணக்கில் அன்றைக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை.

ஒட்டகம் டம்ளரை மெதுவாக வைத்தான். "டேய், நான் பச்சையா இருக்கேனா?"

"இல்லடா, நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல? உன்னைக் காட்டிக் காட்டித்தானேடா மத்தவன் சம்பளத்துல கை வைக்கிறாங்க. அவன் ஒருத்தன் பாக்குறான், உனக்கு என்ன கேடுன்னு. தெற்குப் பக்கம் பாக்குறவன் தூங்காம தூங்காம வண்டியில இருந்து விழுந்து கெடக்கான். நீ ஒருத்தனே இல்லடா. மூணு பேருடா நீ."

"காலையில சொல்லிட்டுத்தானே போனேன், இவன் இறங்குறான்னு" என்று தண்ணிக்காரன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"எங்க சொன்னீங்க? சொல்லியிருந்தா மறப்பேனா? ஒரு உசுரு விஷயத்தை மறப்பேனா?"

"குளிக்கும்போது சொன்னேன்."

"சொல்லல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரின் யோக்கியதை அவர்களுக்கும் தெரியும்.

"சொன்னான்மா" என்றேன்.

"நான் என்ன சொன்னேன்?"

"சரின்னே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நெற்றியை இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள், பானையில் அரிசி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி.

"எனக்கு ஞாபகமே இல்ல பெரியப்பா. மறந்து போனா, மறந்தோம்னாவது தெரியணும்ல. அந்த இடமே இல்ல."

தண்ணிக்காரன் அவள் பக்கத்தில் குந்தினான். "விடு. இனிமே எழுதி ஒட்டிக்கலாம். ஜாக்கிரதையா இருந்துக்கலாம்."

"மீட்டிங்குல வேற என்ன சொன்னாங்க?" என்றாள்.

அவன் கேக் டப்பாவின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"என்ன சொன்னாங்கன்னு கேக்குறேன்."

"தெற்கையும் என்கிட்டயே குடுக்கறாங்களாம். அடுத்த மாசத்துல இருந்து."

சின்னவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். கேட்கிறவனுக்கு உடம்பு கூசும் சிரிப்பு. ஒட்டகம் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மூன்று போனும் சேர்ந்து 'டிங்' என்றன. யாரும் "எனக்கு" என்று சொல்லவில்லை. தண்ணிக்காரன்தான் பாய்ந்து அழுத்தினான்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடுறேன்" என்றாள் பெண்டாட்டி.

"பைத்தியமா நீ? போனை வெளியாள் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?"

"ரெண்டு கையும் இடதா வெட்டாம இருந்தா என் மெஷின் கஞ்சி ஊத்தும்."

"நீ பேசாம இரு."

"பேசாம இருந்துதான் இவ்வளவும். நீங்க வர்றதுன்னா வாங்க. வரலைன்னா பெரியப்பா வருவார்."

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மறுநாள் போனேன். ஆபீஸ் என்றாலே எனக்கு ஆகாது. உட்காரச் சொல்கிற இடத்தில் நாற்காலி இருக்காது, நாற்காலி இருக்கிற இடத்தில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். தண்ணிக்காரன் வரும் வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் திரும்பவில்லை; அவள் கூடவே வந்தான். அதை அவன் கணக்கில் வைக்க வேண்டும். ஒட்டகம் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

எஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார். சுவர் முழுக்கப் பெரிய திரை. அதில் வடக்குப் பாதி பச்சைப் பசேலென்று இருந்தது.

"யாரும்மா நீங்க?"

"நான்தான் சார் மூடி பாக்குறவ."

"என்ன மூடி?"

"தொட்டி மூடி எல்லாம் நான். தண்ணி அளவு இவர் தங்கச்சி. மோட்டார் இவரு. நீங்க கோப்பை குடுத்தது மூணு பேருக்கு சார். இதோ நிக்கிறாரே, இவரை நேத்து தொட்டிக்குள்ள முக்கினதும் நாங்கதான். தெற்கும் பாக்கணும்னா நாங்க இன்னும் மூணு பேரைப் பெத்து வளத்துத்தான் சார் குடுக்கணும். அதுவரைக்கும் பொறுப்பீங்களா?"

எஞ்சினியர் சிரிக்கவா கோபப்படவா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என்னையும் வெளியே தள்ளித்தான் சாத்தினார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. கதவு, எங்கள் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை.

வேலை போகவில்லை. வேலையை எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று எழுத வேண்டும்; எழுதினால் ஒரு ஆள் மூழ்கப் பார்த்ததையும் எழுத வேண்டும். அதனால் தண்ணிக்காரனைப் போனிலிருந்து எடுத்துத் தொட்டி கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள், ஒட்டகத்தோடு. ஒருத்தனுக்குத் தொட்டிகளைக் குறைப்பார்கள், ஆளைக் கூட்டுவார்கள் என்று அவள் நம்பினாள். நான் நம்பவில்லை. அவர்கள் செய்தது வேறு. இப்போது பொத்தானை அழுத்துவதற்கு முன் போனுக்கு முகத்தைக் காட்ட வேண்டும், வேலைக்காரனின் சொந்த முகத்தை. வடக்கும் தெற்கும் சேர்த்து யாரோ ஒரு புது ஆளுக்குப் போனது. அவன் முகத்தைக் காட்டிக் காட்டி அழுத்திக்கொண்டிருக்கிறானாம்.

சுவர் அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? அவளுக்கும் வரவில்லை. எண்ணெய் சட்டியில் கடுகு வெடித்தாலும் பாதித் தையலில் எழுந்து நிற்பாள்.

அவன் முதல் தடவை தொட்டியில் இறங்குகிற அன்று என் கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் கூட வாங்க பெரியப்பா."

"நான் எதுக்கும்மா?"

"மேல ஒரு ஆள் நிக்கணும். ஆபீஸ்ல போட மாட்டாங்களாம். நான் நிக்கிறேன். தனியா நின்னா யாராவது ஏதாவது கேப்பாங்க."

தரைமேலேயே கட்டிய பெரிய தொட்டி அது. பத்துப் படி ஏறினால் மேல்தளம், நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மூடியைத் திறந்து மல்லாத்திப் போட்டார்கள். எங்கோ ஒரு போனுக்கு அந்தச் செய்தி போயிருக்கும். பார்த்தேன் என்று யாரோ அழுத்தியும் இருப்பான். வானம் மூடிக்கொண்டு காற்று புழுதியை வாரியடித்தது. முதலில் ஒட்டகம் இறங்கினான். தண்ணிக்காரன் ஏணியில் பாதி இறங்கி, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன்.

"வீட்டுக்குப் போ. தையல் கெடக்கு."

"கெடக்கட்டும். இறங்குங்க."

அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை அவள் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். மூடிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து ஓட்டைக்குள் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." பிரஷ் தேய்க்கிற சத்தத்தோடு வந்தது.

கொஞ்சம் பொறுத்தாள். கொஞ்சம்தான்.

"இருக்கீங்களா?"

"இப்பத்தானேடி சொன்னேன். வேலை செய்ய விடு."

"சொல்லுங்க."

"இருக்கேன்."

உள்ளேயிருந்து ஒட்டகத்தின் குரல் நாலு ஒட்டகமாக எதிரொலித்து வந்தது. "தங்கச்சி, நானும்தான் இருக்கேன். என்னையும் ஒரு தடவை கேளேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி."

"என்னங்க, நீங்க?"

பிரஷ் சத்தம் நின்றிருந்தது. கயிறு தொய்ந்து கிடந்தது. அவள் சட்டென்று எழுந்து கயிற்றைச் சுண்டி இழுத்தாள். கயிறு மணிக்கட்டை இறுக்கித் தோல் வெளுத்தது. வாளி ஒன்று உள்ளே எதிலோ மோதிற்று.

"இருக்கேன்" என்றான் அவன்.

அந்தச் சொல் மேலே ஏறி வந்து முடியவில்லை, அடுத்த தடவைக்கு அவள் வாயைத் திறந்துவிட்டாள்.